ஆக்டேவியா 1.8-க்கு மாற்று டர்போ: ஐஎஸ்12-ஆ, ஐஎஸ்20-ஆ, ஐஎஸ்38-ஆ?

டர்போ அழுத்திய சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸைக் கழற்றி மெக்கானிக் அண்ணன் லேசாகச் சாய்த்தார். அரை டீ கிளாஸ் எண்ணெய் தரையில் விரித்திருந்த செய்தித்தாளில் கொட்டியது. அப்புறம், எஞ்சின் விடும் புகையால் சுழன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் அந்த டர்போவின் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு, கம்ப்ரசர் சக்கரத்தின் நடுவில் இருக்கும் நட்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தார். 'டிக், டிக்' என்று சத்தம். "பக்கவாட்டுல கொஞ்சம் ஆடினா பரவாயில்ல சார், ஆயில் ஏறினா நின்னுக்கும். முன்ன பின்ன ஆடக் கூடாது. இது ஆடுது பாருங்க."

வண்டி 2015 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ. ஷோரூமிலிருந்து வரும்போது 180 பிஎஸ் திறன், 250 நியூட்டன் மீட்டர் இழுவை, டிஎஸ்ஜி என்ற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். என் கைக்கு வந்தபின், பவர் கூட்ட எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதும் ஸ்டேஜ் 1 மேப்பும் கொஞ்சம் பெரிய இன்டர்கூலரும் ஏறின. கையில் ஆடிக்கொண்டிருந்தது இந்த வண்டியின் இரண்டாவது டர்போ. முதல் டர்போ போனபோது, விலை குறைவு என்று ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி, பெயர் தெரியாத காப்பி ஒன்றை மாட்டினேன். பெட்டியும் பிளாஸ்டிக் உறையும் அச்சு அசல். நான்கு மாதம் ஓடியது. மூன்றாவது முறையும் ஏமாறக் கூடாது என்று ஒரு மாதம் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டு யோசித்தேன். அந்த யோசனையைத்தான் இங்கே எழுதுகிறேன். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இதே ஈஏ888 மூன்றாம் தலைமுறை எஞ்சின் உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு நேராகவே உதவும். மற்றவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

எந்த டர்போ என்று கேட்பதற்கு முன்னால், பழையது ஏன் போனது என்று பார்த்தே ஆக வேண்டும். டர்போவின் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஷாஃப்ட் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்தபடி நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். எண்ணெய் வரும் குழாய் ஒரு பென்சில் தடிமன்தான். சூட்டில் எண்ணெய் கருகி உள்ளே படிந்தால் அந்தத் துவாரமும் சுருங்கிவிடும். என் முதல் டர்போவை மாற்றியவர்கள் இந்தக் குழாயைக் கழற்றிப் பார்க்கவே இல்லை. மெக்கானிக் அண்ணன் அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது, வட்டமாகத் தெரிய வேண்டிய துளை பிறை போலத் தெரிந்தது. காப்பி டர்போ மட்டமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதன் இடத்தில் அசலை மாட்டியிருந்தாலும் அந்தக் குழாயோடு அதிக நாள் ஓடியிருக்காது.

இன்னொன்று, எஞ்சினின் அடியில் சேரும் ஆவியை வெளியேற்றும் பிசிவி வால்வு. இந்த எஞ்சின்களில் அதன் ரப்பர் சவ்வு கிழிவது சகஜம். கிழிந்தால் எஞ்சினின் அடிவயிற்றில் அழுத்தம் ஏறும், டர்போவிலிருந்து கீழே வடிய வேண்டிய எண்ணெய் வடியாது, சீலைத் தாண்டிக் காற்றுப் பாதைக்குள் கசியும். பின்னால் நீலப் புகை வந்ததும் 'டர்போ போச்சு' என்று சொல்லிவிடுவார்கள். சில சமயம் போனது அந்தச் சின்ன சவ்வாகத்தான் இருக்கும். ஷாஃப்ட் முன்பின் ஆடவில்லை என்றால் முதலில் பிசிவியை மாற்றிப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் நான்கு டயர் வாங்கலாம்.

சரி, என் கேஸில் டர்போவேதான் போயிருந்தது. இனி எது?

இங்கேதான் எல்லோரும் குதிரைத்திறனிலிருந்து தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வழி மாற்றியது ஒரு சின்ன விவரம். 2016-இல் வந்த சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ இங்கே இரண்டு விதமாக விற்கப்பட்டது. மேனுவல் கியர் வண்டியில் 320 நியூட்டன் மீட்டர். டிஎஸ்ஜி வண்டியில் 250. இரண்டிலும் ஒரே 1.8 எஞ்சின், ஒரே 180 பிஎஸ். டர்போவால் முடியாமல் 70 நியூட்டன் மீட்டரைக் குறைக்கவில்லை. அந்த டிஎஸ்ஜியான டிக்யூ200 கியர்பாக்ஸின் இரண்டு கிளட்சும் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச். அதற்குக் குறித்திருக்கும் எல்லை 250. தயாரித்தவர்களே எஞ்சினின் கையைக் கட்டித்தான் அதோடு சேர்த்தார்கள். என் ஆக்டேவியாவில் இருப்பதும் அதே டிக்யூ200. ஆக, எந்த டர்போ என்பதை முடிவு செய்யும் உரிமை எனக்கு இல்லை, கியர்பாக்ஸுக்குத்தான் இருக்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஐஎச்ஐ என்ற ஜப்பானியக் கம்பெனியின் மூன்று டர்போக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எண் ஏற ஏற அளவும் பெரிது. ஐஎஸ்12 என் வண்டியில் பிறப்பிலேயே வந்தது. ஐஎஸ்20 ஏழாம் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐயிலும், 2017-இல் இங்கே வந்த, ஆக்டேவியாவின் வேகமான பதிப்பான விஆர்எஸ்ஸிலும் உள்ளது. ஐஎஸ்38 கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3 வண்டிகளுடையது. இந்த எஞ்சினில் புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டிருப்பதால் மூன்றும் ஏறக்குறைய ஒரே இடத்தில் போல்ட் ஆகிவிடும். அதனால்தான் இந்த மாற்றம் இவ்வளவு பிரபலம்.

முழு இழுவை எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்று கம்பெனி சொன்ன எண்களைப் பாருங்கள். ஐஎஸ்12 உள்ள என் வண்டியில் 1250. ஐஎஸ்20 உள்ள விஆர்எஸ்ஸில் 1500. ஐஎஸ்38 உள்ள கோல்ஃப் ஆரில் 1800. பின்னவை இரண்டும் 2.0 லிட்டர் எஞ்சின்கள். அதே டர்போவை 1.8-இல் மாட்டினால் டர்போவின் சக்கரத்தைச் சுழற்றும் புகை குறைவு, இன்னும் தாமதமாகும். 'ஐந்நூறு ஆர்பிஎம்தானே' என்று தோன்றலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஒவ்வொரு வளைவிலும் வேகம் விழுந்து, இரண்டாம் கியரில் மறுபடி மிதிக்கும்போது எஞ்சின் சுற்றுவது அந்த ஆர்பிஎம்மில்தான். ஐஎஸ்38 மாட்டிய நண்பரின் விஆர்எஸ்ஸில் உட்கார்ந்து ஒருமுறை மலை ஏறினேன். வளைவைத் திரும்பி, மிதித்து, 'வருது வருது' என்று அவர் சொல்லி முடிக்கும்போது அடுத்த வளைவு வந்துவிடும். நான்கு வழிச் சாலையில் அதே வண்டி 120-க்கு மேல் இழுத்த இழுவை வேறு ஜாதி, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போது கொஞ்சம் கணக்கு. நியூட்டன் மீட்டரை ஆர்பிஎம்மால் பெருக்கி 7024-ஆல் வகுத்தால் பிஎஸ் வரும். என் வண்டி ஷோரூம் நிலையில் 5100 ஆர்பிஎம் வரை 250 நியூட்டன் மீட்டர் பிடித்து நிற்கும்: 250 × 5100 ÷ 7024, அதாவது 181. அதற்குமேல் இழுவை சரிந்து, 6200-ஐத் தொடும்போது 204 நியூட்டன் மீட்டர்தான் மிச்சம். அந்தச் சரிவை மட்டும் நிறுத்தி, அதே 250-ஐ 6200 வரை பிடித்து நிறுத்தினால்? 250 × 6200 ÷ 7024. வருவது 220 பிஎஸ். கியர்பாக்ஸுக்குக் குறித்த எல்லையை ஒரு நியூட்டன் மீட்டர் கூடத் தாண்டாமல் 40 பிஎஸ் கூடுதல். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் பாதை தெரிந்தது. அடியில் கூட்ட வேண்டியதில்லை, மேலே விழாமல் தாங்கினால் போதும்.

ஐஎஸ்12 அந்த 220-ஐத் தருமா? தரும். நிறைய ஸ்டேஜ் 1 வண்டிகள் அந்த அளவில்தான் ஓடுகின்றன. பெட்ரோல் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று போனால் ஏறக்குறைய 10 குதிரைத்திறன் என்பது டர்போக்காரர்களின் வாய்ப்பாடு. 180-க்கு 18 பவுண்டு, 220-க்கு 22. ஐஎஸ்12 அந்த 22 பவுண்டை மூச்சிரைக்கத் தள்ளும். மூச்சிரைத்தால் அது சூடாக வெளிவரும். 35 டிகிரி வெயிலில் காற்றை 2.2 மடங்கு அழுத்துகிறோம் என்று வையுங்கள். கம்ப்ரசர் 75 சதவீதத் திறனில் வேலை செய்தால் காற்று கிட்டத்தட்ட 140 டிகிரியில் வெளியே வரும். திறன் 60 சதவீதத்துக்கு விழுந்தால் 165 டிகிரி. அந்த 25 டிகிரி வித்தியாசத்தை இன்டர்கூலர்தான் சுமக்க வேண்டும். அது சுமக்க முடியாதபோது எஞ்சினில் பெட்ரோல் தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் தொடங்கும், கணினி தீப்பொறி விடும் நேரத்தைத் தள்ளிப்போடும், நாம் காசு கொடுத்து ஏற்றிய பவர் நம் கண்முன்னே இறங்கிப் போகும். கோவையிலிருந்து சேலம் போகும் சாலையில் மே மாத மதியம் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். காலையில் பறந்த வண்டி மதியம் சோம்பிக் கிடக்கும். ஆக்டேன் 95 பெட்ரோலான எக்ஸ்பி95 அடித்தால் கொஞ்சம் தாங்கும், எக்ஸ்பி100 கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்த பங்க்கைத் தேடி ஊரைச் சுற்ற வேண்டும்.

மலை இன்னொரு தொல்லை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எஞ்சினின் கணினி தேடுவது மொத்த அழுத்தத்தை. சென்னையில் வெளிக்காற்றின் அழுத்தமே ஏறக்குறைய 1 பார். 2.2 பார் வேண்டுமென்றால் டர்போ 2.2 மடங்கு அழுத்தினால் போதும். 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வெளிக்காற்று 0.77 பார்தான். அதே 2.2 வேண்டுமென்றால் 2.86 மடங்கு அழுத்த வேண்டும். அதற்குச் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். கம்பெனி மேப்பில் இதற்குக் கடிவாளம் உண்டு, உயரம் ஏற ஏற ஆசையைக் குறைத்துக்கொள்ளும். 'பவர் வரணும்' என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிய மேப்பில் அந்தக் கடிவாளத்தைத் தளர்த்தியிருப்பார்கள். சின்ன டர்போ, பெரிய மேப், உயரமான ஊர். மூன்றும் சேர்ந்தால் ஷாஃப்ட் தாங்காது. என்னுடைய அசல் டர்போ ஊட்டியிலிருந்து திரும்பிய மறுவாரம்தான் பி0299 கோடு காட்டத் தொடங்கியது. பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் அழுத்தம், போதவில்லை என்பதற்கான கோடு அது. மேப்பா, எண்ணெய்க் குழாயா, எது கொன்றது என்று இப்போது நிரூபிக்க முடியாது. இரண்டுமே என்பது என் ஊகம்.

இனி ஒவ்வொன்றாக.

புது ஐஎஸ்12 அசல். மேப் போடாத வண்டிக்கும், மேப்பைக் கழற்றிவிட்டு நிம்மதியாக ஓட்ட நினைப்பவர்களுக்கும் இதைவிட நல்லது இல்லை. மாட்டி, மிஞ்சும் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் கதவை அசைக்கும் ஆக்சுவேட்டரை ஸ்கேனர் வைத்து எஞ்சின் கணினிக்குப் பழக்கிவிட்டால் வேலை முடிந்தது. அவிநாசி சாலை நெரிசலுக்கு அதன் 1250 ஆர்பிஎம் இழுவை சொர்க்கம். மேப்போடுதான் ஓட்டுவேன் என்பவர் இதையே மறுபடி வாங்கினால், மூன்று வருடம் கழித்து இதே இடத்தில் வந்து நிற்பார்.

கோர் மாற்றுவது. ஹவுசிங்கை வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் ஷாஃப்ட், பேரிங், சக்கரங்கள் அடங்கிய கோரை மட்டும் மாற்றுவார்கள். லாரி, பொலிரோ, இன்னோவா டர்போக்களை இப்படிச் செய்து தருவதில் நம் ஊர்ப் பட்டறைகளை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் டீசல் வேறு, இது வேறு. பெட்ரோல் புகையின் சூடு ஆயிரம் டிகிரியை நெருங்கும், டீசலில் அந்தச் சூடு வராது. அந்தப் புகை சுழற்றும் டர்பைன் சக்கரத்தின் உலோகம் கொஞ்சம் மட்டமாக இருந்தாலும் இங்கே பல்லைக் காட்டிவிடும். கோர் போடுவதென்றால் அதிவேகத்தில் பேலன்ஸ் பார்த்த கிராஃபைக் கேளுங்கள். கிராஃபா, அது எதுக்கு என்று கேட்கும் இடத்தில் போடாதீர்கள். வேஸ்ட்கேட்டின் துளை தேய்ந்து கடகடவென்று சத்தம் வரும் ஹவுசிங்காக இருந்தால் புதுக் கோர் போட்டும் பிரயோஜனம் இல்லை.

ஐஎஸ்38. விஆர்எஸ் வைத்திருப்பவர்களிடம் நான் வாயே திறக்க மாட்டேன், அவர்களுக்கு 2.0 எஞ்சினும் ஈரக் கிளட்ச் டிஎஸ்ஜியும் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஆர்பிஎம் 4000-க்குக் கீழே இறங்காமல் ஓட்டுபவருக்கு அது சரியான பொருள். டிக்யூ200 மேல் இதை மாட்டுவது மாட்டு வண்டியில் விமான எஞ்சின் கட்டுவது மாதிரி. அதன் மதிப்பே 300 பிஎஸ்ஸுக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. அந்த அளவுக்கு எஞ்சினுக்கு பெட்ரோல் தள்ளும் பம்ப், டர்போவிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் டவுன்பைப், கிளட்ச் என்று ஒவ்வொன்றாகக் கை வைக்க வேண்டும், டர்போவின் விலை அந்தப் பட்டியலில் சின்னத் தொகையாகிவிடும். பழையது வாங்குவதென்றால் இன்னும் ஒரு எச்சரிக்கை. ஐஎஸ்38-இன் தொடக்ககாலப் பதிப்புகள் மேப் போட்ட வண்டிகளில் ஷாஃப்ட் உடைந்து பேர் கெட்டவை. பாகத்தின் எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் பதிப்பைச் சொல்லும். 'படம் அனுப்புறேன் ப்ரோ' என்பவரிடம் அந்தத் தகட்டின் படத்தை முதலில் கேளுங்கள்.

அசல் ஹவுசிங்குக்குள் பெரிய சக்கரம் வைத்த ஹைப்ரிட், எண்ணெய்ப் படலத்துக்குப் பதில் குண்டுகளின் மேல் ஷாஃப்ட் சுற்றும் பால் பேரிங் டர்போ எல்லாம் ரேஸ்காரர்களின் சாமான். காரெட், போர்க்வார்னர் பெயர்கள் இழுக்கத்தான் செய்யும். காரெட்டின் ஜி25-550 போன்ற ஒன்றைத் தாங்க இந்த எஞ்சினில் பாதி பாகங்களை மாற்ற வேண்டும். தெருவில் ஓடும், பையனைப் பள்ளியில் இறக்கிவிடும் வண்டிக்கு அது பேச்சே இல்லை.

மீதி ஐஎஸ்20. விஆர்எஸ்ஸில் 230 பிஎஸ்ஸை வாரண்டியோடு தந்த டர்போ இது. நமக்கு வேண்டிய 220 அதற்கு அன்றாட வேலை. 22 பவுண்டு காற்றை மூச்சிரைக்காமல் தள்ளும், அதனால் குறைந்த சூட்டில் தள்ளும். ஊட்டியில் அழுத்த விகிதம் ஏறினாலும் ஷாஃப்டுக்கு இடம் மிச்சமிருக்கும். கீழே 1250-இல் வந்தது இனி 1700 வாக்கில்தான் வரும், அது நஷ்டம்தான். ஆனால் உலர் கிளட்சைப் பொறுத்தவரை அந்த நஷ்டத்திலும் ஒரு லாபம் இருக்கிறது. கிளட்ச் அதிகம் வழுக்குவது வண்டி நின்ற இடத்திலிருந்து நகரும்போதும், தாழ்ந்த ஆர்பிஎம்மில் திடீரென்று மிதிக்கும்போதும்தான். அந்த நேரத்தில் டர்போ கொஞ்சம் நிதானமாக இருந்தால் கிளட்ச் தட்டுக்கு ஆயுள்.

குறை இல்லாமல் இல்லை. ஐஎஸ்12-க்கு எழுதிய மேப்பில் ஐஎஸ்20-ஐ ஓட்டவே கூடாது, கணினி வேறு டர்போவின் கணக்கை வைத்துக்கொண்டு திணறும். புது மேப் கட்டாயம். எழுதுபவரிடம் நான் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: இழுவை எங்கேயும் 250-ஐத் தாண்டக் கூடாது, மேலே முடிந்தவரை தட்டையாகப் போகட்டும். அவர் முகத்தில் சலிப்பு தெரிந்தது. "இதே செட்டப்புல 350 தரலாம் சார், ஏன் சார் வேஸ்ட் பண்றீங்க?" என்றார். தரலாம்தான். கிளட்ச் பேக் யார் வாங்கித் தருவது என்று கேட்டேன், சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார்.

நண்பர் ஒருவர் மேனுவல் சூப்பர்ப் வைத்திருக்கிறார். அவருக்கு 320 பிறப்பிலேயே உண்டு, உலர் டிஎஸ்ஜியின் தலைவலி இல்லை. அவரிடம் ஐஎஸ்20-ஐ மாட்டி முழு இழுவையையும் எடுங்கள் என்றுதான் சொன்னேன். ஐஎஸ்38-க்குத்தான் அவர் மனம் போகிறது. வாரம் ஒருமுறை வால்பாறைக்கு, ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிறவர் அவர். இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், பலர் விட்டுவிடுகிறார்கள். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தைவிட எனக்கு இன்சூரன்ஸ்தான் பயம். சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் நமக்கே எதிராகத் திரும்பலாம். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றும் டவுன்பைப்பை நான் போடாததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம் வீட்டில் அந்த நாற்றத்தைச் சகிக்க மாட்டார்கள்.

ஐஎஸ்20-ஐ மாட்டிய அன்று எண்ணெய்க் குழாய் புதிது, கேஸ்கெட் எல்லாம் புதிது, பிசிவி புதிது, எண்ணெயும் ஃபில்டரும் புதிது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் அண்ணன் டர்போவின் எண்ணெய்த் துவாரத்தில் சிரிஞ்சால் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சக்கரத்தை விரலால் பத்துச் சுற்று சுற்றினார். பழைய பட்டறையில் இதை யாரும் செய்து நான் பார்க்கவில்லை. பிறகு பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, எஞ்சினை வெறுமனே சுழற்றி எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை காத்திருந்து, அப்புறம்தான் பற்ற வைத்தார்.

இப்போது எட்டு மாதம் ஆகிறது. ஊட்டிக்கு இரண்டு முறை போய் வந்தாயிற்று. அவிநாசி சாலையில் பழைய துள்ளல் இல்லை, மூன்றாம் கியரில் 4000-க்கு மேல் வண்டி வேறு வண்டி. போன வாரம் எண்ணெய் மாற்றும்போது அதே ஹோஸைக் கழற்றச் சொன்னேன். அண்ணன் சாய்த்தார், ஒன்றும் கொட்டவில்லை. உள்ளே விரலை விட்டுத் துடைத்துக் காட்டினார். லேசான பிசுக்கு, அவ்வளவுதான்.